கடல் மட்டக் காற்றழுத்தம்: அளந்தது எது, கணக்கிட்டது எது, முடிவு செய்தது எது?

கேள்வி இதுதான்: "பாடப்புத்தகத்தில் கடல் மட்டக் காற்றழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று இருக்கிறது. வானிலை அறிக்கையில் ஒரு நாள் 1004, இன்னொரு நாள் 1011 என்று வருகிறது. எது சரி? நாளுக்கு நாள் மாறுகிற ஒன்றைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை எப்படிச் சொல்ல முடிகிறது? அறிவியலில் இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?"

இரண்டும் சரிதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கடல் மட்டக் காற்றழுத்தம் என்ற ஒரே பெயரில் மூன்று விஷயங்கள் புழங்குகின்றன. கடலோரத்தில் நின்றுகொண்டு காற்றழுத்தமானியில் இந்த நிமிடம் பார்க்கிற அளவு ஒன்று. மேட்டு நிலத்தில் அளந்துவிட்டு, 'இந்த இடம் கடல் மட்டத்தில் இருந்திருந்தால் எவ்வளவு இருக்கும்' என்று கணக்குப் போட்டு மாற்றுகிற அளவு இன்னொன்று; வானிலை வரைபடத்தில் வருவது இதுதான். 1013.25 இந்த இரண்டிலும் சேராது. அது எந்தக் கருவியும் காட்டிய அளவு இல்லை, கூடிப் பேசி வைத்துக்கொண்ட எண். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில் அளவு எப்படி வந்தது என்று பார்ப்போம். உறிஞ்சு பம்பு எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியாது என்பது 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பம்பு வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். கலிலியோவே 1638-இல் வெளியான தன் நூலில் இதை எழுதியிருக்கிறார். நீர்த்தம்பம் தன் எடையைத் தாங்க முடியாமல் அறுந்துவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். இத்தாலிய அறிஞர் டாரிசெல்லிதான் கேள்வியைத் திருப்பிப் போட்டார். மேலே இருப்பது தண்ணீரை இழுக்கவில்லை, வெளியே இருக்கும் காற்றின் எடை கீழிருந்து தள்ளுகிறது என்றால்? அப்படியானால் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசம் அதே விகிதத்தில் குறைவான உயரத்துக்குத்தான் ஏற வேண்டும். 1643-இல் இது செய்து பார்க்கப்பட்டது. ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, வாயை விரலால் அடைத்து, பாதரசம் உள்ள கிண்ணத்தில் தலைகீழாகக் கவிழ்த்து விரலை எடுத்தார்கள். பாதரசம் கொஞ்சம் இறங்கி, கிண்ணத்தின் மட்டத்திலிருந்து சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றது. 10.33 மீட்டரை 13.6-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 76 வரும். நாம் ஒரு காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று டாரிசெல்லி 1644-இல் நண்பர் ரிச்சிக்குக் கடிதம் எழுதினார்.

இது உண்மை என்றால் மேலே போகப் போகக் காற்றின் எடை குறைய வேண்டும் அல்லவா? பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் அதைச் சோதிக்க விரும்பினார். 1648 செப்டம்பர் 19 அன்று அவருடைய அக்கா கணவர் பெரியே, பிரான்சில் பூய் து டோம் மலைமேல் குழாயைக் கொண்டுபோனார். அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏறியதில் பாதரசம் 8 செ.மீ. போல இறங்கியிருந்தது. எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது மலையுச்சியில் நடந்தது அல்ல. இன்னொரு குழாயைக் கீழேயே, ஒரு துறவியின் கண்காணிப்பில் நாள் முழுக்க விட்டுவைத்தார்கள். அது மாறவே இல்லை. அதனால் மேலே தெரிந்த மாற்றம் வானிலையால் வந்தது என்று யாரும் சொல்ல வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைத் தொடாமல் வைத்திருப்பது என்ற பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான ஆரம்பகால உதாரணம் சொல்வது கடினம்.

சரி, 1013.25-க்கு வருவோம். கடலோர இடங்களில் பாதரசம் பெரும்பாலும் 760 மில்லிமீட்டரை ஒட்டியே நின்றதால், அந்த முழு எண்ணையே ஒரு 'வளிமண்டலம்' என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. ஆனால் 760 மில்லிமீட்டர் பாதரசத்தின் எடை, பாதரசத்தின் அடர்த்தியையும் அந்த இடத்தின் ஈர்ப்பு முடுக்கத்தையும் பொறுத்தது. எனவே அவற்றையும் நிலைப்படுத்த வேண்டியிருந்தது. 0 டிகிரி செல்சியஸில் பாதரசத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 13,595.1 கிலோ, திட்ட ஈர்ப்பு முடுக்கம் 9.80665. இப்போது 0.76 × 13,595.1 × 9.80665 என்று பெருக்கினால் 1,01,325 பாஸ்கல் வரும். 100 பாஸ்கல் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பதால், அதாவது 1013.25 ஹெக்டோபாஸ்கல். எடைகள், அளவைகளுக்கான 10-ஆவது பொது மாநாடு 1954-இல் இதையே வரையறையாக ஏற்றுக்கொண்டது. ஆக, புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 25 இயற்கை கொடுத்ததல்ல, பெருக்கலில் வந்தது.

இந்த அழுத்தம் எவ்வளவு பெரியது என்பது பலருக்கு உறைப்பதில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.03 கிலோ எடை. உள்ளங்கையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் அதன்மேல் 100 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. கை கீழே போகாததற்குக் காரணம், புறங்கையையும் காற்று அதே அளவு மேலே தள்ளுகிறது என்பதுதான். உடலுக்குள் இருக்கும் திரவங்களும் வாயுக்களும் அதே அழுத்தத்தில் இருப்பதால் நசுங்குவதும் இல்லை. இன்னொரு கணக்கும் சுவையானது. ஒரு சதுர மீட்டருக்கு 10.3 டன் என்பதைப் பூமியின் மொத்தப் பரப்போடு பெருக்கினால் வளிமண்டலத்தின் மொத்த எடை கிடைத்துவிடும். சுமார் 5.27 × 10¹⁸ கிலோ வருகிறது. உண்மையான மதிப்பு 5.15 × 10¹⁸ கிலோவை ஒட்டியது. நிலப்பரப்பு கடலுக்கு மேலே எழும்பி நிற்பதால், அங்கே காற்று இருக்க வேண்டிய இடத்தில் பாறை இருக்கிறது. வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் அதுதான். பாதரசக் குழாயை வைத்துக்கொண்டு ஒரு கிரகத்தின் காற்றையே எடை போட்டுவிடலாம் என்பது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இப்போது வானிலை அறிக்கையில் வரும் எண். கடல் மட்டத்துக்கு அருகில் 8.3 மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஆனால் ஒரு வலுவான தாழ்வு நிலைக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசமே 20, 30 ஹெக்டோபாஸ்கல்தான். எனவே ஒவ்வொரு நிலையத்தின் அளவையும் அப்படியே வரைபடத்தில் குறித்தால், சம அழுத்தக் கோடுகள் காட்டுவது மலைகளையும் பள்ளத்தாக்குகளையும்தான், வானிலை எங்கோ மறைந்துபோகும். அதனால்தான் எல்லா நிலையங்களையும் கணக்கில் கடல் மட்டத்துக்கு இறக்குகிறார்கள்.

அந்த இறக்கும் கணக்கை ஒரு முறை அருகில் நின்று பார்ப்பது நல்லது. ஒரு நிலையம் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தமானி 905 காட்டுகிறது என்று வைப்போம். நிலையத்துக்குக் கீழே கடல் மட்டம் வரை காற்று இல்லை, மலைதான் இருக்கிறது. அந்த இடத்தில் காற்று இருந்தால் அதன் எடை எவ்வளவு என்று கற்பனை செய்து கூட்ட வேண்டும். அந்தக் கற்பனைக் காற்றின் சராசரி வெப்பநிலை 25 டிகிரி என்று எடுத்தால் விடை சுமார் 1003. 5 டிகிரி என்று எடுத்தால் குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சுமார் 1011. கருவி காட்டியது ஒரே 905, வெப்பநிலையைப் பற்றிய அனுமானம் மாறியதும் 8 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். இடம் உயர உயர இந்தச் சந்தேகமும் கூடும். உலக வானிலை அமைப்பு, அதிகபட்சக் கடல் மட்ட அழுத்தத்துக்கான சாதனையை 750 மீட்டருக்குக் கீழே உள்ள நிலையங்களுக்குத் தனியாகவும் அதற்கு மேலே உள்ளவற்றுக்குத் தனியாகவும் வைத்திருப்பது இதனால்தான். கீழ்ப் பிரிவின் சாதனை 1968 டிசம்பர் 31 அன்று சைபீரியாவின் அகாட்டாவில் பதிவான 1083.8. மறுமுனையில், 1979 அக்டோபரில் வடமேற்குப் பசிபிக்கில் வீசிய டிப் சூறாவளியின் மையத்தில் 870. இடையே 200-க்கும் மேல் வித்தியாசம் இருக்கிறதே என்று தோன்றலாம், ஆனால் இவை அபூர்வமான எல்லைகள். பெரும்பாலான நாட்களில் பெரும்பாலான இடங்கள் 980-க்கும் 1040-க்கும் நடுவில்தான் இருக்கும்.

வெப்ப மண்டலத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம். அதிகாலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. ஏற்ற இறக்கம் 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல் இருக்கும். நிலவின் ஈர்ப்பு இதற்குக் காரணம் என்று நினைக்கத் தோன்றும். நிலவால் வரும் அலையும் இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. இந்தத் தினசரி அலைக்கு முக்கியக் காரணம் சூரிய வெப்பம். மேலே உள்ள ஓசோனும் கீழே உள்ள நீராவியும் சூரிய ஒளியை உறிஞ்சிச் சூடாவதால் வளிமண்டலம் முழுவதும் ஒரு அலை எழுந்து, சூரியனோடு பூமியைச் சுற்றி வருகிறது. பல கைபேசிகளில் இப்போது காற்றழுத்த உணரி இருக்கிறது; அமைதியான வானிலையில் ஒரு நாள் முழுக்க ஒரே இடத்தில் வைத்துக் குறித்தால் இந்த அலை அப்படியே தெரியும். அதே உணரியை எடுத்துக்கொண்டு ஒரு மாடி ஏறினால் 0.3, 0.4 ஹெக்டோபாஸ்கல் குறைவதையும் பார்க்கலாம்.

மாலுமிகளுக்கு இந்த அலை உயிர் காக்கும் விஷயமாக இருந்தது. அது எவ்வளவு ஒழுங்கானது என்றால், அது குலைவதே எச்சரிக்கை. தினசரி அலையைக் கழித்த பிறகும் அந்தப் பருவத்தின் சராசரியைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால், அருகில் புயல் உருவாகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். 5 குறைந்தால் ஏறக்குறைய உறுதி. புயல் வந்த பிறகு கடலும் அழுத்தத்துக்குப் பதில் சொல்லும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரும். 50 குறைந்தால் அரை மீட்டர். புயல் அலையில் பெரும்பங்கு காற்று தண்ணீரைக் கரைக்குத் தள்ளுவதால் வருவது, இது அதன்மேல் சேரும் கூடுதல்.

விமானிகள் இந்த எண்ணைப் பயன்படுத்தும் விதம் எனக்கு எப்போதும் அழகாகத் தோன்றும். விமானத்தின் உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளந்து உயரமாக மாற்றிக் காட்டுகிறது. மாற்றுவதற்கு ஒரு மாதிரி வளிமண்டலம் வேண்டும்: கடல் மட்டத்தில் 1013.25 ஹெக்டோபாஸ்கல், 15 டிகிரி, 11 கி.மீ. வரை கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குளிர்வது என்று சர்வதேச அளவில் ஒப்புக்கொண்டது. கீழே உண்மையான அழுத்தம் 993 ஆக இருக்கும் நாளில் உயரமானியை 1013-இலேயே வைத்திருந்தால், விமானம் இருப்பதைவிடச் சுமார் 165 மீட்டர் அதிகமாகக் காட்டும். இறங்கும்போது அது ஆபத்து, அதனால் அந்த இடத்தின் அன்றைய அழுத்தத்தை விமானக் கட்டுப்பாட்டு அறையிடம் வாங்கி உயரமானியில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் உயரே பறக்கும்போது எல்லா விமானங்களும் 1013.25-க்கே மாறிவிடும். அப்போது எல்லோருடைய உயரமும் ஒரே அளவுக்குத் தவறாக இருக்கும், ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி மட்டும் சரியாக இருக்கும். நடுவானில் வேண்டியது அந்த இடைவெளிதான். 1013.25 உண்மையான அளவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லோரும் அதையே வைத்திருந்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

வேதியியலிலும் அதே கதைதான், ஆனால் அங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்ற வாக்கியத்துக்குப் பின்னால் '1013.25 அழுத்தத்தில்' என்பது எப்போதும் ஒளிந்திருக்கிறது. கொதிநிலை காற்றழுத்தத்தோடு மாறுகிறது, உறைநிலையில் அந்தச் சிக்கல் இல்லை என்று 1742-இலேயே செல்சியஸ் சோதித்து எழுதினார். எவரெஸ்ட் உச்சியில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான், அங்கே தண்ணீர் 71 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். இன்றைய துல்லியமான வெப்பநிலை அளவுகோலில், 1013.25-இலும் அது 99.97 டிகிரிதான்.

சிக்கல் இங்கே: 1982-இல் தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான சர்வதேச ஒன்றியம் திட்ட அழுத்தத்தை 1,01,325 பாஸ்கலிலிருந்து 1,00,000 பாஸ்கலுக்கு, அதாவது சரியாக 1 பாருக்கு மாற்றியது. கணக்குப் போட முழு எண் வசதி. விளைவு, திட்ட வெப்ப அழுத்த நிலையில் (0 டிகிரி, திட்ட அழுத்தம்) 1 மோல் நல்லியல்பு வாயுவின் கன அளவு பழைய வரையறைப்படி 22.414 லிட்டர், புதிய வரையறைப்படி 22.711 லிட்டர். இரண்டும் இன்னும் புத்தகங்களில் உலவுகின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் 22.4-ஐ மனப்பாடம் செய்துவிட்டு, வேறு புத்தகத்தில் 22.7 பார்த்ததும் அச்சுப்பிழை என்று நினைப்பதைக் கண்டிருக்கிறேன். பிழை இல்லை, கேள்வியில் அழுத்தம் 1 வளிமண்டலமா 1 பாரா என்று பார்த்து விடை எழுத வேண்டும். அதைச் சொல்லாமல் கேள்வி கேட்பதுதான் தவறு என்பது என் உறுதியான கருத்து.

உடலியலில் இந்த எண்ணின் பங்கு இன்னும் நேரடியானது. உயரமான மலையில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு என்று பலர் நம்புகிறார்கள். சதவீதம் மாறுவதில்லை, கடற்கரையிலும் எவரெஸ்டிலும் அது ஏறக்குறைய 21 தான். குறைவது மொத்த அழுத்தம். கடல் மட்டத்தில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, 212 ஹெக்டோபாஸ்கல், எவரெஸ்ட் உச்சியில் சுமார் 70. நுரையீரலில் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுவது இந்தப் பகுதி அழுத்தம்தான். எதிர்த் திசையில், கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் கடல் மட்டக் காற்றழுத்தத்துக்குச் சமமான ஒன்று கூடிக்கொண்டே போகும். முக்குளிப்பவர்கள் ஆழத்தைக் கணக்கிடும்போது மேற்பரப்பிலேயே 1-இல் தொடங்கி 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3 என்று எண்ணுவது இதனால்தான்.

எதிர்பாராத ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் சமிக்ஞை வளிமண்டலத்தைக் கடக்கும்போது கொஞ்சம் தாமதமாகும். கோள் நேர் தலைக்கு மேலே இருந்தால்கூட, அந்தத் தாமதத்தால் கடல் மட்டத்தில் தூரம் சுமார் 2.3 மீட்டர் கூடுதலாகத் தெரியும். அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி, மேலே எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. அதைத்தானே காற்றழுத்தமானி அளக்கிறது? 1 ஹெக்டோபாஸ்கலுக்கு 2.3 மில்லிமீட்டர். நில அடுக்குகளின் நகர்வை மில்லிமீட்டர் அளவில் கண்காணிக்கிறவர்களுக்குக் காற்றழுத்தம் தெரியாமல் வேலை ஓடாது.

கடைசியாக, 1013 என்பது பூமிக்கே நிரந்தரமானதும் இல்லை. தண்ணீர் திரவமாக இருக்கக் குறைந்தது 6.1 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் வேண்டும். செவ்வாயின் தரையில் சராசரி அழுத்தம் அந்த எல்லையை ஒட்டியே இருப்பதால்தான் அங்கே தண்ணீர் தேங்கி நிற்க முடிவதில்லை. வெள்ளியில் பூமியைப் போல 90 மடங்குக்கு மேல். பூமியின் பழைய காற்றழுத்தத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எங்கே இருக்கும் என்று கேட்டால், விடை எரிமலைக் குழம்பில் இருக்கிறது. கடல் மட்டத்தில் ஓடி உறைந்த குழம்பின் மேற்பகுதியில் உள்ள வாயுக் குமிழிகள் காற்றின் அழுத்தத்தை மட்டும் தாங்கியவை. அடிப்பகுதிக் குமிழிகள் காற்றோடு குழம்பின் எடையையும் சேர்த்துத் தாங்கியவை. குழம்பு அடுக்கின் தடிமன் தெரிந்தால், இரண்டு குமிழிகளின் அளவையும் ஒப்பிட்டு அன்றைய காற்றழுத்தத்தைக் கணக்கிடலாம். ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் சுமார் 274 கோடி ஆண்டுகள் பழமையான குழம்பில் இப்படி அளந்து 2016-இல் வெளியிட்டார்கள். அன்றைய காற்றழுத்தம் இன்றைய அளவில் பாதிக்கும் குறைவாகவே இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. இளம் பூமியை வெப்பமாக வைத்திருந்தது அடர்ந்த காற்றுதான் என்று அதுவரை சொல்லிவந்த விளக்கத்துக்கு இது நேரெதிரானது. அதனால் மெல்லிய காற்றிலும் கடல்கள் உறையாமல் இருந்தது எப்படி என்று பசுங்குடில் வாயுக்களின் கணக்கைத் திரும்பவும் போட வேண்டியதாயிற்று.